ஜவ்வாது மலையில் நரம்பியல் சிகிச்சை அறக்கட்டளை: கட்டடத்துக்கு முன்னால் ஆட்கள்

ஜவ்வாது மலையில் பக்கவாதம், வலிப்பு, மூளை வாதம் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கு உதவ அறக்கட்டளை தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, ஜமுனாமரத்தூரில் ஒரு கட்டடமும் சிகிச்சை இயந்திரங்களும் வாங்க எவ்வளவு ஆகும் என்பதுதான். கட்டடம் பிறகு வரட்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு உங்களுக்குத் தேவை, வீடு தேடிப் போகக்கூடிய உள்ளூர் ஆட்களும் அவர்களுக்கு மாதம் தவறாமல் கொடுக்கச் சம்பளமும்.

பக்கவாதத்தில் (ஸ்ட்ரோக்) மூளையின் ஒரு பகுதி செயலிழந்தால், அதன் வேலையில் கொஞ்சத்தை மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ளும். ஒரே அசைவைத் தினமும் பலமுறை செய்தால்தான் அந்தக் கற்றல் நடக்கும். மாதம் ஒருமுறை முகாமில் அரைமணி நேரம் கொடுக்கும் பயிற்சி அதற்குப் போதாது. மேலும், கை கால் விளங்காத ஒருவரை உள்ளடங்கிய சிற்றூரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வீட்டில் இருவர் அன்றைய கூலியை விட வேண்டும். ஓரிரு முறை வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். அது அவர்கள் குற்றமல்ல.

வீட்டுக்கே போகும் முறைக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்தச் சங்கம் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. தேர்ந்த சிகிச்சையாளர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். தொடங்கும் முன் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் 2021 ஆகஸ்டிலிருந்து இயன்முறை சிகிச்சையை (பிசியோதெரபி) வீட்டுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் ஒரு சிகிச்சையாளர் ஒரு வட்டாரம் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் வந்துபோகும் நாள்களுக்கு இடையில் பயிற்சி நின்றுபோகாமல் பார்ப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. விரல்கள் உள்ளே மடங்கி வருகின்றனவா, குதிகால் தரையில் படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இவை தசை இறுக்கத்தின் தொடக்கம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம், நுரையீரலில் சளி கட்டும் ஆபத்து உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுசிறு வாயாகக் கொடுக்கச் சொல்லி, மருத்துவரிடம் தெரிவியுங்கள். இடுப்பிலோ குதிகாலிலோ தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். குழந்தைக்கு ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை என்றாலோ, ஒரு கை எப்போதும் மூடியே இருந்தாலோ, 'போகப் போகச் சரியாகும்' என்று காத்திருக்க வேண்டாம்.

கருவிகள் பெரும்பாலும் கையருகே கிடைப்பவையே. இடுப்பு உயரத்தில் இணையாகக் கட்டிய இரண்டு மூங்கில்கள் நடைப் பயிற்சிக்குப் போதும். ஒரு பணியாளருக்குப் பதினைந்து வீடுகளுக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். சிற்றூர்களுக்கு இடையிலான நடையும் வேலை நேரம்தான்.

வலிப்பு நோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்பு வேலூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதன் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிகள் என்று தெரியவந்தது. பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் இது வரும். குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகப் பிறர் வயிற்றுக்குள் போகின்றன. ஆகவே கழிப்பறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் உங்கள் அறக்கட்டளையின் வேலைதான். வலிப்பு உள்ளவர் பூச்சி மாத்திரை வாங்கும் முன் சுகாதாரப் பணியாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு வந்தால் பதற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108ஐ அழையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, சூடு போடுவது எதுவும் உதவாது. பல் உடையும், தோல் வேகும். முறையாக மாத்திரை எடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். வெளியூர்க் கூலி வேலைக்கு இறங்கும் நாள்களில்தான் மாத்திரை நின்றுபோகிறது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். புறப்படும் முன் போதிய மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்பாடு செய்து, மருந்துச் சீட்டின் நகலையும் கையில் கொடுத்தனுப்புங்கள். மருந்தை நீங்களாக மாற்றவோ கொடுக்கவோ கூடாது.

பக்கவாதத்துக்குப் புறாவின் ரத்தத்தைத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் நேரம்தான் வீணாகும். ரத்தக் கட்டியால் வந்த வாதமா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்து, கரைக்கும் ஊசி போட, தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம். மலையிறங்கவே அதில் கணிசமான நேரம் போய்விடும். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். திருவண்ணாமலை, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது சீக்கிரம் எட்டும் என்று ஊர்வாரியாக முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள்.

அலுவலக வேலையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன்படி இத்தகைய நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று பெற வேண்டும். அறக்கட்டளைப் பதிவு மட்டும் போதாது. அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் மூளை வாதம், நடுக்குவாதம் (பார்க்கின்சன்), தசைச் சிதைவு, நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள் எல்லாம் அடங்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையிலும், பீஞ்சமந்தை வேலூரிலும், புதூர்நாடு திருப்பத்தூரிலும் வரும். எந்த ஆட்சியர் அலுவலகம் என்று தெரியாமல் அனுப்பினால் நோயாளி ஒருநாள் முழுக்க வீணாக அலைவார். ஆகவே பதிவேட்டில் பெயருக்கு அடுத்த கட்டத்திலேயே மாவட்டத்தை எழுதுங்கள்.