மூடிய பெட்டியா, பழைய காசா?

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நயினாதீவிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. கட்டாரில் வேலைசெய்யும் நானா லீவில் வந்தபோது, பிளாஸ்திக் உறை கிழியாத இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருப்பவை பொக்கெமோன் விளையாட்டு அட்டைகள். "இதை யாரும் திறக்கக் கூடாது. ஐந்து வருஷம் இப்படியே வைத்தால் மூன்று மடங்கு விலைபோகும்" என்றார். அத்துடன் நிற்கவில்லை. மூத்தப்பா சேர்த்த பழைய காசுகள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கின்றன. அவற்றைக் கட்டாருக்குக் கொண்டுபோய் விற்று, இன்னும் நான்கு பெட்டிகள் வாங்கலாம் என்பது அவருடைய யோசனை.

வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகள் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறா. அவ பார்த்துச் சொல்லட்டும்" என்று பொறுப்பை என்மேல் போட்டுவிட்டார். அதற்காகத் தேடிப் படித்தவற்றையே சகோதரிகளாகிய உங்களோடு இங்கு பகிர்கிறேன்.

முதலில் நானாவின் பக்க நியாயத்தைப் பார்ப்போம். ஒரு பெட்டி அச்சாகி முடிந்ததும் அதன் தொகை கூடாது. ஆவலில் பலர் திறந்துவிடுவார்கள். எனவே திறக்காத பெட்டிகள் ஆண்டுதோறும் குறையும். கேள்வி குறையாமல் நிரம்பல் குறைந்தால் விலை ஏறும் என்பது நாம் வகுப்பில் வரைந்த வரைபடம்தான். 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் பொக்கெமோன் பெட்டிகளுக்கு இன்று பெரும் விலை இருப்பது உண்மை.

ஆனால், அன்று அவற்றை வாங்கியவர்கள் பிள்ளைகள். வாங்கிய உடனே கிழித்து விளையாடினார்கள். இன்று வாங்குபவர்களில் பலர் நானாவைப் போலத் திறக்காமல் அடுக்கிவைக்கிறார்கள். எல்லோரும் பாதுகாத்தால் எது அரிதாகும்? நிறுவனமும் அச்சிடுவதை நிறுத்தவில்லை. 2024 மார்ச் வரை உலகில் அச்சான பொக்கெமோன் அட்டைகள் 6,480 கோடி. அவற்றில் ஏறத்தாழ 1,190 கோடி கடைசி ஓராண்டில் மட்டும் அச்சானவை.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவனம் 1952இல் பேஸ்போல் வீரர்களின் படஅட்டைகளை வெளியிட்டது. ஒரு பகுதி விற்காமல் களஞ்சியத்தில் தேங்கியது. வாங்க ஆளில்லாததால் 1960இல் அந்தப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டிவிட்டார்கள். அந்தத் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மான்டில் அட்டை ஒன்று 2022 ஓகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோனது. இதைக் கேள்விப்பட்டு 1980களின் இறுதியில் மக்கள் புதிய அட்டைப் பெட்டிகளை வாங்கிச் சேமித்தார்கள். நிறுவனங்களும் அள்ளி அச்சடித்தன. அந்தப் பெட்டிகளிற் பெரும்பாலானவை முப்பது ஆண்டுகள் கடந்தும் மலிவாகவே கிடைக்கின்றன. கடலில் போனவை அரிதாயின. அலுமாரியில் காத்தவை மலிந்தன.

நம் நாட்டிலும் இதைக் காணலாம். மத்திய வங்கி 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 200 ரூபா பிளாஸ்திக் தாளை வெளியிட்டது. 2025இல் தன் 75ஆவது ஆண்டுக்கு 2,000 ரூபாத் தாளை வெளியிட்டது. இப்படி ஒரு ஞாபகார்த்தத் தாள் வந்ததும் "வைத்திருங்கள், விலை ஏறும்" என்பார்கள். ஆனால் 2,000 ரூபாத் தாளுக்கு அனுமதித்த தொகை 5 கோடி. நம் நாட்டு மக்கள் தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஞாபகமாக வைத்திருப்பது நல்லது. முதலீடு என்று நம்புவது வேறு.

அப்படியானால் பழையதெல்லாம் பொன்னா? அதுவும் இல்லை. எங்கள் தீவுகள் பழைய கடல் வணிகப் பாதையில் இருப்பவை. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பாதுகாக்கவேண்டும் என்று கூறும் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில்தான் இருக்கிறது. ஆகவே இப்பகுதியில் பல நாட்டுக் காசுகளும் புழங்கியதில் வியப்பில்லை. பழைய பித்தளையும் செம்பும் வாங்கி விற்ற மூத்தப்பா, அந்தக் குவியல்களுக்குள்ளிருந்து பொறுக்கியவையே எங்கள் 23 காசுகள். அவற்றில் 17 ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை கொண்ட செப்புக் காசுகள். 18ஆம் நூற்றாண்டில் அவை ஏராளமாக அடிக்கப்பட்டதால், வயது இருநூறைத் தாண்டியும் அரியவை அல்ல. மூன்று, யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசுகள். நந்தியும் "சேது" என்ற எழுத்தும் தெரிகின்றன. மீதி மூன்று, விக்டோரியா இராணியின் தலை பொறித்த இலங்கைச் சதங்கள். வயது மட்டும் விலையைத் தராது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, யார் தேடுகிறார்கள் என்பவைதான் தரும்.

நிலை என்றதும் என் குற்றத்தையும் சொல்லவேண்டும். பத்து வயதில், பெருநாளைக்குக் குத்துவிளக்குச் செம்பெல்லாம் மினுக்கியபோது, ஒரு சேதுக் காசையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளத்தது, எழுத்து தேய்ந்துபோனது. பல நூற்றாண்டு உப்புக் காற்று செய்யாததை நான் பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன். பழைய காசைக் கழுவக் கூடாது என்பது பின்னர்தான் தெரிந்தது. பழைய அட்டைக்கும் இதே கதிதான். ஒரு மடிப்பு விழுந்தால் விலை பாதாளத்துக்குப் போகும்.

மோசடி இரண்டிலும் உண்டு. பழையதில் போலி, மூடியதில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மறுபடி உறையிட்டு ஒட்டுவது. காசைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், நிறுக்கலாம். மூடிய பெட்டியைத் திறந்து பார்த்தால் அது மூடிய பெட்டியே அல்ல. பிடிக்காத மீனைக் கடலில் வைத்தே விற்பது போன்ற, பொருள் தெளிவில்லாத வியாபாரத்தை நம் மார்க்கம் "கரர்" என்று தடுத்திருக்கிறது. இது அதில் அடங்குமா என்பதை உலமாக்களிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும் என்று நானாவிடம் சொன்னேன்.

சட்டத்தையும் சொன்னேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. நானாவின் முகம் மாறியது. பயணப் பையில் போத்தலை வைப்பதற்கு அவர் ஏற்கனவே துணி சுற்றியிருந்தார்.

பாடநூல் சொல்லும் இன்னொன்று திரவத்தன்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் உம்மா ஒரு காப்பை விற்றார். காலையில் கொண்டுபோய் மதியம் காசோடு வந்தார். அன்று எங்களிடம் அட்டைப் பெட்டி இருந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? சேதுக் காசையும் அன்றே யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள். இரண்டும் அவசரத்துக்கு உதவாதவை. அமையச் செலவையும் எண்ணவேண்டும்: நானாவின் இரண்டு பெட்டிகளுக்குள் அடைபட்டிருப்பது, எங்கள் குசினிக் கூரையை மாற்ற ஒதுக்கிய பணம்.

இத்தனையும் எழுதி வாசித்தபோது, மூலையில் தஸ்பீஹோடு இருந்த உம்மம்மா ஒரு வார்த்தை சொன்னார். அவர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்தவர். சிறுவயது முதல் முத்திரை சேர்த்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அல்பம் அலுமாரியிலேயே கிடந்தது. புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. மூத்தப்பாவின் போத்தல் அப்போது கொழும்பில் மாமி வீட்டில் இருந்ததால்தான் தப்பியது. "என்ர முத்திரை போனதால இன்னொருத்தர்ர முத்திரைக்கு விலை ஏறியிருக்கும், என்ன மகள்?" என்று கேட்டார்.

நான் படித்த வரைபடத்தில் நிரம்பல் கோடு இடப்பக்கம் நகர்வது ஓர் அம்புக்குறி மட்டுமே. அது ஒருவருடைய வீடாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் விளங்கியது.

என் முடிவு இதுதான். மூடிய பெட்டியில் விலை ஏறும் என்பது எதிர்பார்ப்பு. பழைய பொருளின் அருமை ஏற்கனவே நடந்துமுடிந்த இழப்பு. இரண்டிலும் வீட்டுத் தேவைக்கான பணத்தைப் போடக் கூடாது. வாங்கத்தான் வேண்டுமென்றால், இழந்தாலும் கவலைப்படாத தொகைக்கு, அறிந்த பொருளை, கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

போத்தல் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசி உறையிலிட்டு விபரம் எழுதிவைத்துள்ளேன். தேய்த்த காசின் உறையில் என் பெயரையும் எழுதினேன். நானா ஒரு பெட்டியை வாங்கிய விலைக்கே நண்பருக்குக் கொடுத்துவிட்டார். கூரை வேலை தொடங்கியிருக்கிறது. மற்றதைத் தம்பியிடம் கொடுத்து, "பிய்" என்றார்.