புதுவர் காட்சியும் உறைவோர் அறிவும்: ஓய்மாநாடு முதல் செஞ்சி வரை

ஆய்வுச் சுருக்கம்

மலையை முதன்முறை காண்போர்க்கு வியப்புத் தோன்றும். அதன் அடியில் வாழ்வோர்க்கு அவ்வியப்புப் பழக்கத்தால் தேய்ந்துவிடும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. திண்டிவனம் பகுதியைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அதன் மேற்கிலுள்ள மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம், பறம்பு குறித்த கபிலர் பாடல்கள், விழுப்புரம் மாவட்டச் செஞ்சிப் பகுதியின் வரலாற்றுச் சான்றுகள் ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மலையைப் பற்றிய சிறந்த பதிவுகள் சென்று மீண்டோராலும் வாழ்ந்து பிரிந்தோராலும் உருவாயின என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மருட்கை, ஆற்றுப்படை, குறிஞ்சி, ஓய்மாநாடு, நவிரமலை, பறம்பு, செஞ்சி.

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கடந்தால் செஞ்சி வரும். வயலும் ஏரியுமாக விரிந்த சமவெளி அங்கு முடிந்து, கருங்கற் பாறைகள் அடுக்கிவைக்கப்பட்டவை போன்ற குன்றுகள் எழுகின்றன. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருவோர் இவற்றை நோக்கி நிற்பர். குன்றின் அடியில் ஆடு மேய்ப்போரும் நிலக்கடலை பயிரிடுவோரும் நின்று நோக்குவதில்லை. இவ்வேறுபாட்டை உணர்ச்சியின் மிகுதி, குறைவு என்று கொள்வதா, அறிதல் முறையின் வேறுபாடு என்று கொள்வதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஒரே நிலப்பகுதியில் மலையில்லா வழியைப் பாடும் ஆற்றுப்படையும் மலைவழியைப் பாடும் ஆற்றுப்படையும் அருகருகே தோன்றியிருப்பதால், இவ்வினாவுக்கு விடை காண இப்பகுதி ஏற்ற களமாகிறது.

மருட்கையின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைக்கிறது. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. முன் கண்டறியாதது புதுமை. அளவின் மிக்கது பெருமை. மிக நுண்ணியது சிறுமை. ஒன்று பிறிதொன்றாகத் திரிவது ஆக்கம் என உரைமரபு இவற்றை விளக்கும்.

பழக்கம் வியப்பைக் கொன்றுவிடும் என்னும் கருத்து இந்நான்கனுள் முதலாவதற்கு மட்டுமே பொருந்துகிறது. மலையடியில் பிறந்தவனுக்கு மலை புதிதன்று. ஆயினும் அதன் பெருமை குறைவதில்லை. அதன் நுண்ணிய கூறுகள் அவனுக்கே மிகுதியாகத் தெரியும். மழைக்காலத்தும் கோடைக்காலத்தும் அது கொள்ளும் மாற்றங்களை ஆண்டு முழுதும் காண்பவனும் அவனே. எனவே உறைவோர்க்கு மருட்கையின் நிலைக்களன் மாறுகிறது என்று கொள்வதே இலக்கண மரபுக்கு ஏற்புடையது.

குறிஞ்சித் திணையின் அமைப்பும் இதற்கு அரணாகிறது. மலையும் மலைசார்ந்த இடமும் முதற்பொருள். அதனை நிரப்பும் கருப்பொருள்களோ தினை விளைத்தல், புனங்காத்தல், தேனெடுத்தல் முதலிய உறைவோர் வாழ்வியலிலிருந்து பெறப்படுகின்றன. திணைக் கோட்பாடு மலையைத் தொலைவிலிருந்து காணும் காட்சிப்பொருளாகக் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும்.

சிறுபாணாற்றுப்படை: நினைவில் நிற்கும் மலை

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. இதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்பது அறிஞர் முடிபு. பாணன் செல்லவேண்டிய வழி எயிற்பட்டினத்து நெய்தல், வேலூர் சார்ந்த முல்லை, ஆமூர் சார்ந்த மருதம் என அமைகிறது. வழியிடையே குறிஞ்சி இல்லை. கடலோரத்திலிருந்து திண்டிவனம் வரையுள்ள நிலத்தின் இயல்புக்கு இது முற்றிலும் பொருந்துகிறது.

எனினும் நூலில் மலை இல்லை என்று கூறிவிட இயலாது. நல்லியக்கோடனின் ஈகையை உயர்த்திக் கூறுமுன் புலவர் கடையெழு வள்ளல்களை நினைவுகூர்கிறார். பேகனின் மயில் மலைச்சரிவில் திரிவது, பாரி பறம்பின் தலைவன், அதியமான் ஒளவைக்கு ஈந்த நெல்லிக்கனி மலைச்சாரலில் விளைந்தது, நள்ளி மலைநாடன், ஓரியின் நாடு குறும்பொறைகளை உடையது. இவ்வாறு மலை இங்குப் பெயராகவும் புகழாகவும் வருகிறது. பாணனின் கால் அதில் படுவதில்லை; வழுக்குவதும் முள் தைப்பதும் இல்லை. சமவெளியில் நின்று கேள்வியால் மலையை அறியும் நிலை இது. பெருமை என்னும் நிலைக்களன் மட்டுமே இதில் செயற்படுகிறது.

மலைபடுகடாம்: புதுவர்க்கு உரைக்கப்படும் மலை

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பல்குன்றக்கோட்டத்துச் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மா இன்றைய செங்கம். நவிரமலை இன்றைய பர்வதமலை என்பர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக மேற்கே செல்லும் பாதை இம்மலைநாட்டையே அடைகிறது.

வழிகூறும் கூத்தன் எதிர்வரும் கூத்தரைப் 'புதுவிர்' என்று விளிக்கும் இடம் இங்குக் கருதத்தக்கது. முன்பு நன்கு அறியாத நிலத்துக்குப் பெயர்ந்து வந்தோர் என்னும் பொருளில் அச்சொல் ஆளப்படுகிறது. வழி பிரியும் இடங்களைச் சீர்செய்து, பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து வைக்குமாறும் அவன் அறிவுறுத்துகிறான். புதியவன் தனக்குப் பின்வரும் புதியவனுக்கு அடையாளம் விட்டுச்செல்லும் முறைமை இது.

அவன் கூறும் அறிவுரைகள் அழகைச் சுட்டுவன அல்ல. பன்றிக்கு அஞ்சித் தினைப்புனத்தார் வழியில் அமைத்த கல்லடார்கள் இருட்டில் தெரியா. ஆதலின் விடிந்தபின் செல்லவேண்டும். பாம்புகள் மறைந்திருக்கும் குழிகளை மனத்திற் குறித்துக்கொண்டு தொழுது விலகவேண்டும். யானையை ஓட்டப் பரண்மீதிருப்போர் எறியும் கவண்கல் படாதவாறு மரங்களின் மறைவில் ஒதுங்கவேண்டும். பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் பற்றுக்கோடு கொண்டு நடக்கவேண்டும். இவை அனைத்தும் தொலைவிலிருந்து காண்பவனுக்குத் தெரியாதவை. உறைவோரின் தொழிலும் காவலும் அச்சமும் பதிந்த மலை இது.

நூற்பெயரும் இக்கருத்துக்குச் சான்றாகிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டு இப்பெயர் அமைந்தது. அருவியின் ஒலி, தேனெடுக்கும் கானவரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறுமாறு கொடிச்சியர் பாடும் பாட்டு என ஓசைகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. தொலைவில் நிற்பவன் கண்ணுக்கு மலை நீல நிறமும் அமைதியும் உடையது. அருகில் உறைபவன் செவிக்கு அது உழைப்பும் துயரும் ஒலிக்கும் ஊர். முதற்காட்சி கண்வழிப்பட்டது என்றும், உறைவோர் அறிவு பெரிதும் செவியாலும் காலாலும் அடையப்படுவது என்றும் இதனால் கொள்ளலாம்.

இங்கு வழிகூறுபவன் மலைவாணன் அல்லன். பரிசில் பெற்று மீள்பவன். ஒருகாலத்தில் அவனும் புதுவனே. உறைவோரிடம் கற்றதை, இன்னும் செல்லாதவரின் ஐயங்களை உணர்ந்து அவனால் கூறமுடிகிறது. மலைவாணன் அடாரின் இருப்பிடத்தைச் சொல்லவேண்டும் என்றே நினைக்கமாட்டான். அது அவனுக்குத் தெரிந்த ஒன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இவ்விடைநிலையாளனின் குரலிலேயே இயங்குகிறது.

பிரிவில் தெரியும் மலை: கபிலரும் பறம்பும்

உறைந்தவர் மலையை விட்டு நீங்கும்போது வேறொரு காட்சி பிறக்கிறது. புறநானூற்றின் 109ஆம் பாடல் பறம்பை முற்றிய வேந்தரை நோக்கிக் கபிலர் கூறுவது. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழவர் உழாது விளையும் நான்கு பயன்களை அவர் எடுத்துரைக்கிறார். முற்றியோர் அரணைக் கண்டனர். கபிலர் உணவைக் கண்டார். ஒரே மலை இருவர்க்கும் ஒரே பொருளாக அமையவில்லை.

பாரி இறந்தபின் பாடப்பட்ட 112ஆம் பாடலில் அவன் மகளிர் தந்தையின் இழப்பையும் குன்றின் இழப்பையும் ஒருங்கே வைத்துப் பாடுகின்றனர். 114ஆம் பாடலில் கபிலர் சிறிது தொலைவு சென்று திரும்பி நின்று பறம்பு இன்னும் கண்ணுக்குப் புலனாவதைக் கூறுகிறார். உள்ளே வாழ்ந்தவரைக்கும் அவருக்கு மலை முழுவடிவில் தெரிந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. பிரிவின்போதுதான் தொலைவைக் கொண்டு அது அளக்கப்படுகிறது. 118ஆம் பாடல் பாறையும் குன்றும் கூடிய இடத்தில் எட்டாம்நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் உடைவதற்கு இரங்குகிறது. பறம்பின் பெருமையை அறிந்தவர் பலர். அக்குளத்தின் கரை வளைவை அறிந்தவர் அங்கு வாழ்ந்தவரே. மருட்கையின் நிலைக்களனான சிறுமை, இங்கு அவலத்தின் வாயிலாகிறது.

கபிலர் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துத் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்து முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவிலுள்ள பாறை கபிலர் குன்று என்று வழங்கப்படுகிறது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலிருந்த திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பறம்பைப் பிரிந்தவரின் பெயரை மற்றொரு நாட்டுப் பாறை ஏற்றுக்கொண்டமை கருதத்தக்கது.

செஞ்சி: புதுவர் அளவைகளும் உறைவோர் பெயர்களும்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது செஞ்சிக்கோட்டை. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரம் உடையது. 1597இல் இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இலிசுபன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரினும் செஞ்சி பெரியது என எழுதினார். பிற்கால ஆங்கிலேயர் இதனைக் கிழக்கின் திராய் என்றனர். புதுவர் தாம் காணும் மலையைத் தம் ஊர்கொண்டும் தாம் படித்த நூல்கொண்டும் அளக்கின்றனர் என்பதற்கு இவை சான்றுகள்.

படையெடுத்தோர் பார்வை மற்றொன்று. 1677இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை நீடித்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். வரலாற்று நூல்களில் நீண்ட இடம்பெறுவது எட்டாண்டு முற்றுகை. மக்கள் கதைப்பாடலில் நிலைபெற்றதோ 1714இல் போரில் மாண்ட தேசிங்குராசனின் குறுகிய ஆட்சி. உறைவோர் நினைவின் அளவுகோல் வேறு என்பதை இது காட்டுகிறது.

இராசகிரிக்கு முன்பு வழங்கிய பெயர் கமலகிரி. குன்றின்மேலுள்ள கமலக்கண்ணியம்மன் கோயிலுடன் அப்பெயர் தொடர்புடையது; அம்மனுக்கு இன்றும் சுற்றுவட்டார மக்கள் விழா எடுக்கின்றனர். ஆட்சியாளர் அரணாகக் கண்ட குன்று மக்களுக்குத் தெய்வத்தின் இருப்பிடம். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்குள்ளது. சில எழுத்துகளில் ஒருவரின் துறவு முழுதும் அடங்கியிருக்கிறது. சிறுமையில் தோன்றும் மருட்கைக்கு இதனினும் தெளிவான சான்று இப்பகுதியில் அரிது. விழுப்புரம் மாவட்ட மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மகேந்திரவர்மன் குடைவித்த கோயில், பாறை கோயிலாகத் திரிந்த ஆக்கத்தைக் காட்டும்.

2025 சூலையில் மராட்டியப் படையரண் நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச்சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தொகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இஃதொன்றே. இதனால் புதுவர் வரவு பெருகும். அவர்க்குக் காட்டப்படும் மலை படையரணாக மட்டும் சுருங்குமாயின், கமலகிரி என்னும் பெயரும் சுனை, பாறை, தடம் ஆகியவற்றுக்கு ஊரார் வழங்கும் பெயர்களும் வழக்கொழியும். கோட்டைக்கு வெளியே பாதுகாப்பில்லாத குன்றுகள் கல்லுடைப்பால் சரளைக்கல்லாக மாறிவரும் இக்காலத்தில், குன்று அழிந்தால் பெயரையும் மீட்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

• பழக்கத்தால் மருட்கை அழிவதில்லை. புதுமை நீங்கியபின் பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் மூன்றும் உறைவோரிடம் செயற்படுகின்றன.

• சிறுபாணாற்றுப்படையில் மலை புகழாக நினைக்கப்படுகிறது. மலைபடுகடாத்தில் அது காலாலும் செவியாலும் அறியப்படுகிறது.

• ஆற்றுப்படைக் கூத்தன் சென்று மீண்டவன். கபிலர் வாழ்ந்து பிரிந்தவர். மலையின் உள்ளும் புறமும் அறிந்த இவர்களிடமிருந்தே சிறந்த மலைப்பாடல்கள் பிறந்துள்ளன.

• செஞ்சிப் பகுதிக் குன்றுகளின் ஊர்வழக்குப் பெயர்களையும் வழித்தடங்களையும் வழிபாட்டுச் செய்திகளையும் அங்கு வாழும் முதியோரிடமிருந்து தொகுப்பது உடனடித் தேவை. களஆய்வாளர் அவ்விடத்துக்குப் புதியவராயினும், கேட்டறிந்து மீள்வாராயின் ஆற்றுப்படைக் கூத்தனின் இடத்தைப் பெறுவர். அவர் முடிந்துவைக்கும் புல்லே பின்வருவோர்க்கு வழிகாட்டும்.