பழங்கணினி மென்பொருள் தொகுப்பும் தமிழ்ப் பதிப்பியலும்: ‘மேட்டூர்’ என்னும் சொல்லை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1980களிலும் 1990களிலும் கணினியில் உள்ளிடப்பட்ட தமிழ்ப் பனுவல்கள் பல, அவற்றை உருவாக்கிய மென்பொருளும் எழுத்துருவும் இன்றிப் படிக்க இயலாதவை. வீட்டுக் கணினிகளுக்குரிய பழைய மென்பொருள்களைத் தொகுத்துப் பகிரும் முயற்சிகள் பிற நாடுகளில் தெளிவான நெறிகளை வகுத்துள்ளன. அந்நெறிகளைத் தமிழ்ச் சூழலில் பொருத்திப் பார்க்கும் இக்கட்டுரை, ‘மேட்டூர்’ என்னும் சொல் வெவ்வேறு குறியேற்றங்களில் பதிவாகும் முறையைச் சான்றாகக் கொண்டு, மென்பொருள் தொகுப்பு தமிழ்ப் பதிப்பியலின் ஒரு கூறாக ஏற்கப்பட வேண்டும் என்பதை நிறுவுகிறது.

குறிச்சொற்கள்: பழங்கணினி, மென்பொருள் தொகுப்பு, குறியேற்றம், எழுத்துரு, பாடவேறுபாடு, பதிப்பியல்

முன்னுரை

1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையரைச் சந்தித்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியொன்றை அவருக்கு அளித்தார். 1887இல் அந்நூல் அச்சேறியது. தம்மிடம் இருந்த பிரதியைப் பிறர் ஆராயக் கொடுத்த ஒருவரின் செயலும், அதனைப் பிற பிரதிகளோடு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த மற்றொருவரின் உழைப்பும் இணைந்தமையால் ஒரு பெருங்காப்பியம் பொதுச்சொத்தாயிற்று. தொகுத்தல், ஒப்பிடல், பகிர்தல் என்னும் மூன்றும் தமிழ்ப் பதிப்பியலின் அடிப்படைகள்.

ஓலைச்சுவடியைப் படிக்க ஒளியும் எழுத்தறிவும் போதும். காந்த ஊடகத்தில் உள்ள பனுவலுக்கு அவை போதா. ஊடகத்தைப் படிக்கும் கருவியும், கோப்பைத் திறக்கும் மென்பொருளும், எண்ணை எழுத்தாகக் காட்டும் எழுத்துருவும் உடனிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையெனினும் பனுவல் படிக்க இயலாததாகிறது. எனவே கணினிக்காலத் தமிழ்ப் பனுவலைக் காத்தல் என்பது மென்பொருளையும் சேர்த்துக் காத்தலேயாகும்.

வீட்டுக் கணினியும் தமிழும்

1981இல் பிரித்தானியாவில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ, 1982இல் வெளிவந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 ஆகியன வீட்டுக் கணினி வகையின் முதன்மைச் சான்றுகள். இவற்றின் நிரல்கள் பெரும்பாலும் ஒலிநாடாவிலும் பின்னர் நெகிழ்வட்டிலும் பதிவாயின. இந்தியாவில் 1984-85இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் பி.பி.சி. மைக்ரோவையே தேர்ந்தது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் அதனை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் இந்தியாவில் உருவாக்கியது.

இத்தகைய கணினிகளில் தமிழுக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. ஸ்பெக்ட்ரமில் ஓர் எழுத்து, அகலத்தில் 8, உயரத்தில் 8 என 64 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். பயனர் தாமே வரைந்துகொள்ள அக்கணினி நேரடியாக அளித்த வடிவங்கள் 21 மட்டுமே. தமிழின் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்னும் 247 எழுத்துகளைத் துணைக்குறிகளாகப் பிரித்து எண்ணினும் 21 வடிவங்களுள் அடக்க இயலாது. ஐ.பி.எம். வகைக் கணினிகளில் 1984இல் அறிமுகமான இ.ஜி.ஏ. வரைகலை அட்டை, 256 வடிவங்களை நிரல்வழி மாற்றியமைக்க இடமளித்தது. தமிழ்ச் சொற்செயலிகள் பரவுவதற்கு இத்தகைய நுட்ப மாற்றங்கள் வழிசெய்தன.

கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு’ ஆகியன 1980களின் இடைப்பகுதியில் தோன்றிய முன்னோடி முயற்சிகள். 1990களின் முற்பகுதியில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைக் கட்டணமின்றி வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்திற்கு அடித்தளமிட்டார். இவர்கள் நான்கு நாடுகளில் தனித்தனியே உழைத்தமையால் எழுத்துகளுக்கு இட்ட எண்களும் தனித்தனியாயின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற தமிழிணைய மாநாடுகள் இவ்வேறுபாட்டைக் களைய முயன்றன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியேற்றங்களையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ஏற்றது. அவற்றுக்கு முன்னும் பின்னும் உருவான கோப்புகள் அவ்வவற்றின் குறியேற்றத்திலேயே நின்றுவிட்டன.

‘மேட்டூர்’ என்னும் சொல்லின் பதிவு

இவ்வேறுபாடு பனுவலை எவ்வாறு தாக்கும் என்பதை ஓர் ஊர்ப்பெயர் கொண்டு காணலாம். மேடு, ஊர் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியால் அமைந்த ‘மேட்டூர்’ என்பதில் மெய்யெழுத்தின் இடப்பக்கம் நிற்கும் ஏகாரக்குறி, புள்ளி, மெய்யோடு ஒட்டி வடிவம் மாறும் ஊகாரக்குறி ஆகிய மூன்றும் உள்ளன. தமிழ்க் குறியேற்றங்கள் வேறுபடும் முதன்மையான இடங்கள் இவையே.

இலக்கண நோக்கில் இச்சொல் மே, ட், டூ, ர் என நான்கு எழுத்துகளால் ஆனது. 2010இல் ஒருங்குறியோடு தமிழக அரசு ஏற்ற ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் இது நான்கு எண்களாகவே பதிவாகும். ‘திஸ்கி’ குறியேற்றத்தில் ஏகாரக்குறி, ம, ட், டூ, ர் என ஐந்து எண்களாகும். கண்ணுக்குத் தெரியும் வரிசையையே அது பின்பற்றுவதால் ஏகாரக்குறி மகரத்திற்கு முன் நிற்கும். ஒருங்குறியில் ம, ஏகாரக்குறி, ட, புள்ளி, ட, ஊகாரக்குறி, ர, புள்ளி என எட்டு எண்களாகும். அங்கு ஒலிப்பு வரிசை பின்பற்றப்படுவதால் குறி மெய்க்குப் பின் வரும். இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்-8 முறையில் இவ்வெட்டு எண்களும் 24 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. திஸ்கியில் 5 பைட்டுகளே போதும்.

ஆகவே திஸ்கிக் கோப்பில் உள்ள ‘மேட்டூர்’ என்பதை ஒருங்குறித் தேடல் கண்டறியாது. பொருத்தமான எழுத்துரு இல்லாத கணினி அதனை ஐரோப்பிய எழுத்துகளின் பொருளற்ற கோவையாகக் காட்டும். கோப்பு சிதையாமல் இருந்தும் சொல் தொலைந்துவிடுகிறது. எழுத்துருவின் எண் அட்டவணை கிடைத்தால் அது மீளும். கிடைக்காவிடின் ஆய்வாளர் அறியாத மொழியின் கல்வெட்டைப் படிப்பவர் போலச் சொற்களின் நிகழ்வெண்ணைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாகிறது.

மென்பொருள்வழிப் பாடவேறுபாடு

ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படாமையாலும், எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமையாலும், காலும் ரகரமும் ஒத்த வடிவில் எழுதப்பட்டமையாலும் பாடவேறுபாடுகள் தோன்றியதைப் பதிப்பாசிரியர்கள் விரிவாக விளக்கியுள்ளனர். கணினிப் பனுவலிலும் இத்தகைய திரிபுகள் உண்டு.

‘ஔவை’ என்பது ‘ஒளவை’ எனப் பதிவாதல் அவற்றுள் பரவலானது. ஔகாரத்தின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடும் வழக்கம் ஏற்பட்டது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அகரநிரலில் முதலாவது ஔகார வரிசையிலும் இரண்டாவது ஒகர வரிசையிலும் சேரும். சொல்லடைவு தொகுப்பவருக்கு இஃது ஓர் ஆளின் பெயர் இரண்டாகப் பிரிவதாகும். அவ்வாறே தமிழ் எண்களுக்கு இடமில்லாத எழுத்துருவில் ஒன்றைக் குறிக்கக் ககரமும் இரண்டைக் குறிக்க உகரமும் இடப்படுதல் இயல்பு. குறிமாற்றத்தின்போது அவை எழுத்துகளாகவே நிலைத்துவிடும்.

இத்தகைய இடங்களில் ஐயம் தீர்க்க ஒரே வழி, மூலக் கோப்பை அது பிறந்த மென்பொருளிலேயே திறந்து பார்த்தலாகும். அவ்வெழுத்துருவில் ஔகாரக் குறிக்குத் தனி இடம் இருந்ததா, விசைப்பலகை அதனை உள்ளிட வசதி தந்ததா என்பன தெரிந்தால் திரிபு தட்டச்சாளருடையதா, கருவியுடையதா என்பது தெளிவாகும். பாடத்தேர்வுக்கு மென்பொருளே சான்றாவணமாகும் இடம் இது.

தொகுப்பு நெறிகள்

வீட்டுக் கணினி மென்பொருள்களைத் தொகுத்தவர்கள் இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டனர். 1995இல் தொடங்கிய ‘வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ தொகுப்பு, ஒலிநாடா நிரல்களோடு அவற்றின் கையேடுகளையும் உறைப்படங்களையும் சேர்த்துத் திரட்டியது. 2000இல் தோன்றிய ‘டோசெக்’ முயற்சி, மென்பொருளின் பெயர், ஆண்டு, வெளியீட்டாளர் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரே சீரான பெயரிடும் முறையை வகுத்தது. மாற்றுப்பிரதி, திருத்தப்பட்ட பிரதி, பழுதுற்ற பிரதி என்பவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் தந்தது. சுவடி விளக்க அட்டவணையின் இயல்பு இதில் காணப்படுகிறது.

பிரதி எடுக்கும் முறையிலும் படிநிலைகள் உள்ளன. ஸ்பெக்ட்ரம் ஒலிநாடாவுக்குரிய ‘டேப்’ வடிவம் தரவை மட்டும் காக்கும். ‘டி.இசட்.எக்ஸ்.’ வடிவம் ஒலித்துடிப்புகளின் கால அளவையும் காக்கும். முன்னது பாடத்தை மட்டும் பெயர்த்தெழுதுதல் போன்றது. பின்னது சுவடியின் வரியமைப்பையும் சிதைவையும் அப்படியே பதிதல் போன்றது. ஆய்வுக்குப் பின்னதே வேண்டும்.

இவற்றைத் தழுவித் தமிழ் மென்பொருள் தொகுப்புக்குப் பின்வரும் நெறிகளை வகுக்கலாம். நெகிழ்வட்டிலிருந்து கோப்புகளை மட்டும் எடுக்காமல் வட்டு முழுவதையும் பிம்பமாக எடுத்தல் வேண்டும். மென்பொருளின் பெயர், பதிப்பெண், ஆண்டு, ஆக்கியோர், இயங்குதளம், குறியேற்றம், விசைப்பலகை அமைப்பு ஆகியவற்றை விளக்கக் குறிப்பில் தருதல் வேண்டும். ஒரு மென்பொருளின் எல்லாப் பதிப்புகளையும் காத்தல் வேண்டும். திஸ்கியின் பதிப்பெண் மாறியபோது சில எழுத்துகளின் இடமும் மாறியது இதற்குக் காரணம். ஒவ்வொரு பிம்பத்திற்கும் சரிபார்ப்பு எண் கணித்துப் பதிந்தால் பிற்காலப் பிரதி மாறாதது என்பதை எவரும் உறுதிசெய்யலாம். அம்மென்பொருளில் உருவான கோப்பு ஒன்றையும் அதன் அச்சுப்படியையும் உடன்வைத்தல் மிகவும் பயன்தரும். இரண்டையும் ஒப்பிட்டு எண் அட்டவணையை மீட்டமைக்க முடியும்.

பகிர்தலும் உரிமையும்

1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்மூலம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் சேர்த்தது. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும் பொதுவிதி இதற்கும் பொருந்துவதால், தனியொருவர் 1985இல் எழுதிய நிரல் இன்றும் உரிமைக்குட்பட்டதே. முறையாக நிரலை வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான காப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என 52ஆம் பிரிவு இசைகிறது. அவ்விசைவு பொதுவெளியில் பகிர்வதற்கு இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுநூலகங்களின் மின்சேமிப்புக்கு அளித்த விலக்கும், நூலகத்திடம் மின்வடிவல்லாத பிரதி இருத்தலை முன்நிபந்தனையாக்குவதால் நெகிழ்வட்டில் பிறந்த நிரலுக்கு எளிதில் பொருந்தாது.

எனவே உரிமையாளரின் இசைவே உறுதியான வழி. சின்க்ளேரின் கணினி வணிகத்தை 1986இல் வாங்கிய ஆம்ஸ்டிராட் நிறுவனம், ஸ்பெக்ட்ரமின் உள்ளமை நிரலை எமுலேட்டர்களோடு வழங்க 1999இல் இசைந்தது. வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம் தொகுப்பும் உரிமையாளர் மறுத்த நிரல்களைப் பட்டியலில் மட்டும் வைத்துப் பதிவிறக்கத்தை நிறுத்தியது. விளக்க அட்டவணையை எவரும் வெளியிடலாம். நிரலை இசைவு பெற்றே வெளியிட வேண்டும் என்னும் இப்பகுப்பு தமிழுக்கும் ஏற்றது. மயிலை போன்று தொடக்கத்திலேயே கட்டணமின்றி வழங்கப்பட்டவற்றிலிருந்து பணியைத் தொடங்கலாம்.

முடிவுரை

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை மயிலையிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் மாற்றிக் காத்தது. பழைய கருவிகள் வழக்கிலிருந்தபோதே மாற்றம் நிகழ்ந்தமையால் அது கைகூடியது. தனி ஆய்வாளர்களின் ஆய்வேடுகள், சொல்லடைவுகள், கள ஆய்வுக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு அத்தகைய கூட்டுப் பாதுகாப்பு அமையவில்லை.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் மூழ்கியுள்ள கோயிலின் நந்தி வெளிப்படுகிறது. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து நீருள் இருந்தும் கல் அழியவில்லை. காந்தப் பதிவுக்கு அந்த ஆயுள் இல்லை. தமிழ்த் துறைகள் தம் அலமாரிகளிலுள்ள நெகிழ்வட்டுகளைக் கணக்கெடுத்தலும், அவற்றை உருவாக்கிய மென்பொருளின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறித்துவைத்தலும் பொருட்செலவின்றி உடனே செய்யத்தக்கவை. அம்மென்பொருளை ஆக்கியோர் பலர் நம் காலத்தவர். அவர்களிடம் கேட்டு எண் அட்டவணைகளையும் இசைவையும் பெறத்தக்க காலம் இதுவே.