எரிமலை ஏறும் கம்பிவட ஊர்தி

ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஹொக்கைடோ தீவில் தோயா என்னும் ஏரி உள்ளது. ஏறத்தாழ 1,10,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை சீறியபோது நிலம் உள்வாங்கி, அப்பள்ளத்தில் நீர் தேங்கி உருவான ஏரி இது. இதன் தென்கரையில் ஒரு வெந்நீரூற்று நகரும், அதனருகே உசு எரிமலையும் உள்ளன. அம்மலைமீது செல்ல 1965-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தி இயங்கி வருகிறது. 1,370 மீட்டர் நீளமுள்ள பாதையை அது 6 நிமிடங்களில் கடக்கிறது.

இத்தகைய ஊர்தி இயங்கும் முறை எளியது. அசையாத தடித்த வடத்தில் சக்கரங்களால் தொங்கும் இரு பெட்டிகளை மற்றொரு வடம் இழுக்கிறது. தராசுத் தட்டுகள் போல ஒன்று ஏற, மற்றது இறங்கும். இறங்கும் பெட்டியின் எடையே ஏறும் பெட்டிக்குத் துணையாவதால், மின்பொறி செய்ய வேண்டிய வேலை குறைகிறது.

ஊர்தி புறப்படும் இடத்தின் அருகே ஷோவா ஷின்சான் என்னும் சிறுமலை புகைந்துகொண்டு நிற்கிறது. 1943-க்கு முன் அது வெறும் வயல்வெளி! 1945-க்குள் அது மலையாக உயர்ந்துவிட்டது. போர்க்காலமாதலால் செய்தி வெளிவராமல் அடக்கப்பட்டது. ஆயினும் அஞ்சலக அதிகாரி மிமாட்சு மசாவோ, கிடையாக நூல் கட்டி, ஒரே இடத்திலிருந்து பார்த்து, மலையின் வளர்ச்சியை விடாது வரைந்து வந்தார். அவ்வரைபடம் 1948-இல் ஆஸ்லோவில் கூடிய அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது.

உசு மலை அழிப்பது மட்டுமன்று, அளிப்பதும் உண்டு. 1910-இல் அது சீறிய பிறகே ஏரிக்கரையில் வெந்நீரூற்று கண்டறியப்பட்டது. நகரின் பிழைப்பும் அதனால் வந்ததே. 1977-இல் மலையுச்சியே வெடித்தது. மறு ஆண்டு சேறு பெருகி உயிர்களைப் பலிகொண்டது.

2000-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அடுத்தடுத்து நிலம் நடுங்கியது. முன் அனுபவத்தால் அதன் பொருளை அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். மார்ச் 31 அன்று எரிமலை வெடித்தது. வீடுகளும் சாலைகளும் சிதைந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சிதைந்த கட்டடங்கள் சில இன்றும் பாடமாகக் காக்கப்படுகின்றன.

ஊர்தியில் ஏறுவோர் ஒருபுறம் அழகிய ஏரியையும், மறுபுறம் புகையும் பாறையையும் காண்கின்றனர். இரண்டையும் ஈன்றது ஒரே நெருப்புதான். அதைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால் உற்று நோக்கிக் குறித்து வைத்தால், அதனோடு வாழ இயலும் என்பதே தோயா கற்பிக்கும் பாடமாகும்.