பெயர்தான் வேம்பு... குணம் வேறு!

வேப்பமரத்தைத் தெரியாத தமிழர் உண்டா? சித்திரை மாதம் தேனி பக்கம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். எங்கும் வேப்பிலைதான்!

ஆனால், வேம்புக்குப் பெரிய சொந்தபந்தம் இருப்பது தெரியுமா? தாவர இயலில் இது மகோகனி குடும்பம். கம்பம் பள்ளத்தாக்குக்கு அரணாக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் வெள்ளை அகில், சந்தன வேம்பு, பிளைவுட்டுக்காகத் தோட்டங்களில் வளர்க்கும் மலைவேம்பு எல்லாமே வேம்பின் பங்காளிகள்தான். இதில் நிலவேம்பு சேராது. அது மரமே இல்லை. வேறு குடும்பத்துச் சிறு செடி.

'எல்லாம் வேம்புதானே, என்ன செய்துவிடும்?' என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் ரம்பப் பல் போன்ற விளிம்புடன் இலைகள் இருக்கும். மலைவேம்பில் ஈர்க்கு மறுபடியும் கிளை பிரிந்து, அதில் இலைகள் இருக்கும். வேப்பம்பழத்தைப் பிள்ளைகள் சப்பித் துப்புவது வழக்கம். அந்த நினைப்பில் மலைவேம்புப் பழத்தையும் வாயில் போட்டுக்கொண்டால் வம்புதான். அந்த இனப் பழங்களில் நச்சுப்பொருள் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, வலிப்புகூட வரலாம்.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டலாமா?

கூடவே கூடாதுங்க! சளிக்கும் பூச்சிக்கும் ஒரு பாலாடை புகட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. மலேசியாவில் இப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு டாக்டர்கள் 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். சில மணி நேரத்திலேயே வாந்தி, அரைமயக்கம், வேகமான மூச்சு, வலிப்பு என்று வந்துவிடும். கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வேப்பெண்ணெயை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

தப்பித்தவறிக் குடித்துவிட்டால்?

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மோர், உப்புத் தண்ணீர் என்று எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ விரையுங்கள். குடித்த பாட்டிலையோ, தின்ற பழத்தையோ கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

வேப்பம்பூ ரசம் வையுங்கள், பச்சடி செய்யுங்கள், தடையில்லை. எண்ணெய் பாட்டில் மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்!