கலாசாலைப் பட்டமும் கைத்தொழிலும்

(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைகளும் மாடுகளும் விற்பனைக்கு வருவதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அங்கே மாடு வாங்க வந்த குடியானவர் என்ன செய்கிறார்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், சிறிது தூரம் நடக்கவிட்டுப் பார்க்கிறார், கடைசியில்தான் துண்டின்கீழ் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். அதே குடியானவர் தம் மகனைக் கலாசாலையிற் சேர்க்கும்பொழுது, ஒரு ஜோடி மாட்டின் விலையைப்போற் பல மடங்கு பணத்தை ஒரு கேள்வியும் கேளாமற் கட்டிவிடுகிறார். பட்டம் இலாபமா, கைத்தொழில் இலாபமா என்னும் வினாவுக்கு எல்லாக் குடும்பத்திற்கும் ஒரே விடை கிடையாது. அவரவர் வீட்டிற்குப் பொருந்திய விடையைக் காணும் வழியை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பட்டத்திற்கு மதிப்பு வந்த விதம்

சென்னைச் சர்வகலாசாலை 1857-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. அதற்குப்பின் நெடுங்காலம் வரையில் பட்டதாரிகள் மிகச் சிலராகவும், அவர்களை வேண்டிய சர்க்கார் உத்தியோகங்கள் பலவாகவும் இருந்தன. பட்டம் பெற்றவர் வீட்டிற்கு உத்தியோகம் தானே தேடி வந்தது. "படித்தால் உத்தியோகம்" என்னும் எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றியது அக்காலத்திலேயாகும்.

இக்காலத்து நிலைமை வேறு. இந்திய அரசாங்கத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22-ல் தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையிலுள்ளோர் தொகையோடு ஒப்பிட, உயர்தரக் கல்வி கற்போர் நூற்றுக்கு 47 ஆவர். இந்தியா முழுமைக்கும் இது 28 அளவே. இது நாம் பெருமை கொள்ளத்தக்க அபிவிருத்தி. ஆயினும், மஞ்சள் வரத்து மிகுந்த வருஷத்தில் ஈரோட்டுச் சந்தையில் விலை இறங்குவதுபோல, பட்டங்கள் மிகுந்த காலத்தில் வெறும் பட்டத்தின் விலையும் இறங்கும். 2022-23-ம் வருஷத்துத் தொழிலாளர் கணக்கெடுப்பில், வேலை தேடுவோரையும் செய்வோரையும் சேர்த்து நூற்றுக்கு 3.2 பேரே வேலையின்றி இருந்தனர். பட்டதாரிகளுள்ளோ நூற்றுக்கு 13.4 பேர் வேலையின்றி இருந்தனர்.

இதனைக் கண்டு, படிப்பு வீண் என முடிவு செய்தல் தவறு. படியாத ஏழை வேலையில்லாமல் ஒரு வாரமும் இருக்க முடியாது; கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். பட்டம் மட்டும் வேலை தராது என்பதே இக்கணக்கு நமக்குக் கூறும் செய்தி.

2. ஜி. டி. நாயுடு காட்டிய வழி

நம் கொங்கு நாட்டில் இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் எழுப்பியவர் ஜி. டி. நாயுடு அவர்கள். 1893-ல் கோயமுத்தூரையடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டிற் பிறந்த அவர், ஆரம்பப் பள்ளியைத் தாண்டிப் படிக்கவில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே வாங்கிக் கழற்றிப் பூட்டி யந்திர நுட்பம் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பின்பு பெரிய மோட்டார் ஸ்தாபனத்தின் தலைவரானார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை வெளியிட்டார். இன்று நம் கிணறுகளில் ஓடும் மோட்டார்களின் பரம்பரை அங்கிருந்தே தொடங்குகிறது.

இத்தகையவர் கலாசாலைகளை வெறுத்தாரா? இல்லை. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் தொழிற்கல்வி ஸ்தாபனங்கள் ஏற்படப் பொருளுதவி செய்தவர் அவரே. அங்கே முதல் தலைமையாசிரியராகவும் இருந்தார். நான்கு வருஷங்களிற் கற்பிக்கும் இஞ்சினீயரிங் படிப்பை இரண்டே வருஷங்களிற் கற்பிக்கலாம் என்று அவர் வாதித்தார். அரசாங்கம் இணங்காமற்போகவே பதவியிலிருந்து விலகினார். அந்த ஸ்தாபனமே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகிறோம். கைத்திறன் இல்லாத கல்வியையும், வீணாகக் கழியும் வருஷங்களையுமே அவர் கண்டித்தார், கல்வியை அன்று. மேலும், நாயுடு போன்ற மேதை ஆயிரத்தில் ஒருவர். "அவர் படித்தாரா?" என்று கூறி நம் பிள்ளையின் படிப்பை நிறுத்துதல் நியாயமாகாது.

3. கணக்குப் போடும் முறை

சங்கத்தில் கடன் கேட்பவரிடம் வரவு செலவு கேட்கிறோம். படிப்புக்கும் அவ்வாறே கேட்க வேண்டும். கீழே தருவது மாதிரிக் கணக்கு. தொகைகளை அவரவர் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்க.

ஒரு பையன் தனியார் இஞ்சினீயரிங் கலாசாலையிற் சேருகிறான். வருஷத்திற்குச் சம்பளம் ரூ. 55,000, விடுதிக்கு ரூ. 50,000, புஸ்தகம், பிரயாணம் முதலியவற்றிற்கு ரூ. 15,000, ஆக ரூ. 1,20,000. நான்கு வருஷத்திற்கு ரூ. 4,80,000. அவனுடைய தோழன் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் பிட்டர் தொழில் கற்று, அடுத்த இரண்டு வருஷம் மாதம் ரூ. 12,000 வீதம் ரூ. 2,88,000 சம்பாதிக்கிறான். அவனுடைய பயிற்சிச் செலவு சொற்பமாதலின் விடுத்தோம். முதற் பையன் இழந்த கூலியையும் செலவோடு சேர்த்தால், பட்டத்தின் உண்மையான விலை ரூ. 7,68,000 ஆகிறது. வட்டி இதிற் சேரவில்லை.

நான்கு வருஷம் கழிந்தபின் தோழன் சம்பளம் ரூ. 15,000 என வைத்துக்கொள்வோம். பட்டதாரிக்கு ரூ. 30,000 கிடைத்தால், மாதம் ரூ. 15,000 மிகுதி, போட்ட முதல் ஏறக்குறைய நாலேகால் வருஷத்தில் திரும்பிவிடும். ரூ. 20,000-தான் கிடைத்தால், முதல் திரும்ப ஏறக்குறையப் பதின்மூன்று வருஷமாகும். ஒரே பட்டம், ஒரே செலவு. வேறுபாடு கலாசாலையின் தரத்திலும் பையனின் ஊக்கத்திலும் உள்ளது. ஆகவே சேருமுன், சென்ற வருஷம் அங்கே தேறியவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், என்ன சம்பளத்தில் என்று விசாரித்தறிக. விளம்பரப் பலகையை நம்பாமல், அங்கே படித்து வெளிவந்த இரண்டு மூன்று பையன்களையே கேட்க வேண்டும். இதுவே பல்லைப் பிடித்துப் பார்ப்பதாகும்.

4. பட்டம் எங்கே அவசியம்?

வைத்தியம், வக்கீல் தொழில், உயர்தரப் பள்ளி ஆசிரியர் வேலை முதலியவற்றிற்குப் பட்டமின்றி வழியில்லை. அரசுப் பணித் தேர்வாணையத்தின் முதல், இரண்டாம் தொகுதி உத்தியோகங்களுக்கும் பட்டம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் முதலிய நான்காம் தொகுதிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

மறுபுறம், வெயிற்காலத்தில் மோட்டார் எரிந்து கரும்பு வாடும்பொழுது, காயில் கட்டுபவர் வீட்டு வாசலில் நாம் காத்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். கோயமுத்தூர்ப் பம்பு பட்டறைகளிலும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், பெருந்துறைத் தொழிற்பேட்டையிலும் கைதேர்ந்த தொழிலாளிக்கு மதிப்பு உண்டு.

கைத்தொழிலிற் குறைகளும் இல்லாமல் இல்லை. பட்டறையில் அபாயம் உண்டு. முதுமையில் உடல் தளரும். பெண் கொடுப்பவர்கள் தொழிலையும் நிலத்தையும் பார்க்காமற் பட்டத்தையே கேட்கும் வழக்கமும் நம் பக்கத்தில் வலுத்துவிட்டது. பல தகப்பன்மார் பட்டத்திற்குப் பணம் கட்டுவது உத்தியோகத்திற்காக அன்று, கலியாணத்திற்காகவே. இவ்வழக்கத்தை ஒரு குடும்பம் தனியே மாற்ற முடியாது. ஊரார் கூடிப் பேசி மாற்ற வேண்டும்.

5. ஏணியில் ஏறலாம்

பதினாறு வயதில் செய்யும் தீர்மானம் ஆயுள் முழுவதற்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். அஃது அவசியமில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்திற் சேரலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவர் இஞ்சினீயரிங் கலாசாலையிலும் நேரே இரண்டாம் வருஷத்திற் சேரலாம். 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலைகளில் உதவித்தொகை பெற்றே வேலை பழகவும் இடமுண்டு. வசதி குறைந்த குடும்பத்தார்க்கு இவ்வழி ஏற்றது. ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு தொழில் நிற்கும்.

6. பெண்மக்கள் விஷயம்

பெண்ணின் படிப்பைக் கூலிக்கணக்கால் மட்டும் அளக்கலாகாது. படிப்பை நிறுத்தினால் பையன் பட்டறைக்குப் போகிறான். பெண்ணோ பெரும்பாலும் இளவயதிற் கலியாணத்திற்குப் போகிறாள். கலாசாலையிற் கழியும் மூன்று வருஷம் அவளுக்கு வயதும் துணிவும் தருகிறது. அரசுப் பள்ளியிற் படித்து மேற்படிப்புச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தமிழ்நாட்டில் ஏற்பட்டன. இவை பட்டப்படிப்புக்கு மட்டுமன்றி, டிப்ளமோவுக்கும் தொழிற்பயிற்சிக்கும் உரியனவாக வகுக்கப்பட்டன.

7. கடனைப் பற்றி எச்சரிக்கை

பயிர்ச் செலவுக்கென வாங்கிய நகைக்கடனைக் கலாசாலைச் சம்பளத்திற் போடலாகாது. பயிர்க்கடன் அறுவடையில் திரும்ப வேண்டியது. படிப்பின் அறுவடையோ நான்கு வருஷம் கழித்தே வரும். பாங்குகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ரூ. 7,50,000 வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. தவணை படிப்பு முடிந்து ஒரு வருஷத்திற்குப் பின்னரே தொடங்கும். எனினும் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும் என்பதை மறத்தல் கூடாது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை:

(1) நம் ஊரில் சென்ற ஐந்து வருஷத்திற் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்கள் இப்பொழுது என்ன செய்கிறார்கள்?

(2) அதே காலத்தில் தொழில் கற்றவர்களின் வருமானம் என்ன?

(3) இவ்விவரங்களை ஒரு புஸ்தகத்தில் எழுதி, பரீட்சை முடிவு வரும் வைகாசியில் பெற்றோர்களுக்குப் படித்துக் காட்டச் சங்கம் முன்வருமா?

வெளியூர்க் கணக்கைவிட, நம் ஊர்க் கணக்கே நமக்குச் சிறந்த வழிகாட்டியாகும். அதனைப் பார்த்தபின், பிள்ளையையும் அருகில் அமர்த்தி, அவன் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்க. படிக்கப் போகிறவன் அவனே.