மறைபெட்டியும் மீனவர் ஊரும்

2000ஆம் ஆண்டு மே 2 அன்று, செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதியைத் துல்லியமாகப் பெறும் வாய்ப்பை அமெரிக்கா பொதுமக்களுக்கு அளித்தது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை மறைத்து, அதன் இருப்பிட எண்களை வெளியிட்டார். மறைபெட்டி தேடும் விளையாட்டு பிறந்தது.

மும்பையின் தாராவி, முன்பு மாகிம் கழியை ஒட்டிய கோலி மீனவர்களின் ஊர். கழி தூர்ந்து மீன்பிடித்தொழில் நலிந்தது; கோலிவாடா என்னும் பெயர் நிலைத்தது. அங்கு மறைபெட்டி அமைப்போர், இடத்திற்கு உரியவரின் இசைவு பெற்று, நீர் புகாத பெட்டியில் தக்கை, வலைத்துண்டு, ஊரின் வரலாற்றுக் குறிப்பு, பதிவேடு ஆகியவற்றை வைக்கலாம். கூரிய தூண்டில் முள்ளைத் தவிர்த்தல் வேண்டும். கண்டெடுப்போர் பதிவேட்டில் பெயரெழுதி, பெட்டியை அவ்விடத்திலேயே வைப்பர்.

சொற்பொருள்: கழி – கடல்நீர் உட்புகும் நீர்வழி, தக்கை – வலையை மிதக்கச் செய்வது.

வினா: தாராவியில் மீன்பிடித்தொழில் நலிந்தது ஏன்?